ட்ரைபாட் வாங்கும்போது மரத்தையும் பாருங்கள்

கேமராவை நிறுத்தி வைக்கும் மூன்று கால் தாங்கியான ட்ரைபாட் பற்றிப் பேச்சு வந்தாலே அலுமினியமா, கார்பன் ஃபைபரா என்கிற ஒரே கேள்விதான். மரத்தில் ட்ரைபாட் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஸ்டுடியோ மூலையில் அழகுக்கு நிறுத்தி வைக்கிற பழைய சாமானாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிதானமாக நின்று, யோசித்து, கூர்மையாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்றால் என் கை முதலில் போவது மர ட்ரைபாடிடம்தான்.

காரணம் அதிர்வு. ட்ரைபாட் வாங்கும்போது எல்லோரும் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கிறோம், பெட்டியிலும் அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள். அந்த எடைக்குக் கால் மடங்காது, நழுவாது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. படம் கூர்மையாக வருமா என்பதைத் தீர்மானிப்பது வேறு விஷயம்: கேமராவில் ஓர் அதிர்வு உண்டானால் அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது? ஷட்டர் திறக்கும்போது, டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே எழும்போது, விரல் பட்டனைத் தொடும்போது, ஒரு காற்று வீசும்போது, எல்லாச் சமயத்திலும் அதிர்வு வரத்தான் செய்யும். பித்தளைச் சொம்பைத் தட்டினால் ணங் என்று ஒலித்து அந்த ரீங்காரம் வெகுநேரம் நிற்கிறது, பலகையைத் தட்டினால் டொக் என்று அங்கேயே முடிந்துவிடுகிறது இல்லையா, ட்ரைபாட் காலிலும் அதேதான் நடக்கிறது. மரத்துக்குள் நெடுக்காக ஓடும் நார்களும் அவற்றைப் பிணைத்திருக்கும் லிக்னினும் அதிர்வின் ஆற்றலை உள்ளுக்குள்ளேயே உராய்வாக்கி, கண்ணுக்குத் தெரியாத சிறு வெப்பமாகக் கரைத்துவிடுகின்றன. அலுமினியத்துக்குள் அந்த உராய்வு மிகக் குறைவு, அதனால் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். கார்பன் ஃபைபர் அலுமினியத்தைவிட நன்றாகவே அடக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல மரம் இந்த ஒரு விஷயத்தில் இரண்டையும் மிஞ்சும் என்பதுதான் என் கருத்து.

இது எல்லாப் படத்திலும் தெரியாது. 1/1000 விநாடியில் எடுத்தால் எந்தக் காலில் நின்றாலும் ஒன்றுதான். 30 விநாடி எடுத்தால் தொடக்கத்தில் வரும் அதிர்வு மொத்த நேரத்தில் ஒரு துளி, படத்தில் பதியாமலே போய்விடும். நடுவில் இருக்கிறதே, சுமார் 1/60 முதல் 1 விநாடி வரை, அங்கேதான் சிக்கல். காலை வெளிச்சத்தில் 200, 300 எம்எம் லென்ஸ் போட்டு தூரத்து மலையை எடுப்பவர்களும், சின்னப் பொருள்களை மிக நெருக்கத்தில் பெரிதாக (மேக்ரோ) எடுப்பவர்களும் இந்த இடைவெளியிலேயே குடியிருக்கிறார்கள். டெலஸ்கோப் வைத்து வானம் பார்ப்பவர்கள் பலர் மரக்கால்களை விடாமல் வைத்திருப்பதும் இதனால்தான். 200 மடங்கு பெரிதாக்கி வியாழனைப் பார்க்கும்போது ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே பிம்பம் துள்ளும், அது அடங்கக் காத்திருக்கும் நேரம் மரக்காலில் குறைவு.

என் பேச்சை நம்ப வேண்டாம், உங்களிடம் இருக்கிற ட்ரைபாடிலேயே சோதித்துப் பாருங்கள். நீளமான லென்ஸைப் போட்டு, ஆட்டத்தைச் சரிக்கட்டும் லென்ஸ் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, கேமராவின் திரையில் (லைவ் வியூ) 10 மடங்கு பெரிதாக்கி தூரத்தில் ஏதாவது ஒரு கோட்டைப் பிடியுங்கள். ட்ரைபாடின் காலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். திரையில் அந்தக் கோடு ஆடி நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் நடுவில் ஏற்றி இறக்கும் தண்டை (சென்டர் காலம்) முழுதாக உயர்த்தி மறுபடி செய்து பாருங்கள், ஆட்டம் நீள்வதைக் கண்ணால் பார்க்கலாம். மர ட்ரைபாடுகள் பலவற்றில் அந்த நடுத்தண்டே கிடையாது, அதுவும் ஒரு நன்மைதான். நேர்மட்டம் பார்க்க சில மாடல்களில் தலைப்பகுதியிலேயே ஒரு உருண்டை மூட்டு வைத்திருக்கிறார்கள், கால்களை ஒவ்வொன்றாகத் திருத்தாமல் அதைச் சாய்த்தே மட்டம் பிடித்துவிடலாம்.

குளிர் இன்னொரு காரணம். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், பனியில் அதைப் பிடித்தால் கையின் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். மரத்தை வெறுங்கையால் பிடிக்கலாம். வெயிலில் கிடந்தாலும் அப்படித்தான், தொட முடியாத அளவுக்குச் சுடாது. 1 மீட்டர் அலுமினியக் கால் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர் நீளும். நார் ஓடும் திசையில் மரம் நீள்வது அதைவிட மிகக் குறைவு. நமக்கு அது பெரிய கணக்கில்லை, ஆனால் நிலம் அளப்பவர்களுக்குக் கணக்கு. அவர்களுடைய கருவிகள் இன்றும் மரக்கால்களில் நிற்பதைப் பார்க்கலாம்.

ஆற்றிலும் கடற்கரையிலும் நிற்பவர்களுக்குத்தான் இதன் அருமை நன்றாகத் தெரியும். குழாய்க் கால்களில் திருகிப் பூட்டும் இடத்துக்குள் மணல் புகுந்தால் நறநறவென்று அரைக்கும், கழற்றிக் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்ட வேண்டும். மரக்காலில் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே மூன்றாவது சட்டம் இறங்குகிறது, வெளியே ஒரு திருகு அதை இறுக்குகிறது, அவ்வளவுதான். எல்லாம் திறந்த வெளி, மணல் இருந்தால் தட்டிவிட்டால் போதும். கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெயோ வார்னிஷோ பூசிக்கொள்ளலாம். அலுமினியக் குழாய் நசுங்கினால் உள்குழாய் ஏறி இறங்காது, கார்பன் குழாய் கல்லில் மோதி விரிசல் விட்டால் அந்தக் காலையே மாற்ற வேண்டியதுதான்.

பெரும்பாலும் இதற்கு ஆஷ் மரத்தைத்தான் எடுக்கிறார்கள். சுத்தியல், கோடாரிப் பிடிகளுக்குப் போகிற அதே மரம், அடி தாங்கும், நார் நேராக ஓடும். ஜெர்மனியில் பெர்லபாக் என்ற நிறுவனம் 1898லிருந்து மர ட்ரைபாட் செய்கிறது, அமெரிக்காவில் ரீஸ் நிறுவனம் 1936லிருந்து. சினிமாக்காரர்களும் கனமான கேமராக்களை வெகுகாலம் மரக்கால்களில்தான் நிறுத்தினார்கள்.

சரி, குறைகள். எடை. சாதாரணமாக 2 முதல் 3 கிலோ, பெரியவை அதற்கும் மேலே. பெரும்பாலும் இரண்டே அடுக்கு என்பதால் மடக்கினாலும் நீளமாகத்தான் இருக்கும், விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோக முடியாது. மலையேறி நாள் முழுக்க நடப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன், கார்பன் ஃபைபர் வாங்குங்கள். ஈரம் பட்டால் மரம் குறுக்குவாக்கில் கொஞ்சம் உப்பும், சட்டம் இறுகலாம். துடைத்து நிழலில் காயவைத்தால் சரியாகிவிடும், சுள்ளென்ற வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். நல்ல மரக்கால் வாங்கிவிட்டு அதன்மேல், கேமராவைத் தாங்கித் திருப்பும் தலைப்பகுதியாக (ஹெட்) லேசான ஓர் உருண்டை மூட்டு ஹெட்டை மாட்டினால் கொடுத்த காசு வீண், ஆட்டம் முழுவதும் அந்த ஹெட்டிலேயே நடக்கும். ஹெட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலானவற்றில் 3/8 அங்குலத் திருகுதான் இருக்கும், உங்களிடம் ஏற்கனவே திடமான ஹெட் இருந்தால் அதையே மாட்டிக்கொள்ளலாம்.