துணி காயுமான்னு பாத்து பை கட்டுங்க

வர்ற வியாழக்கிழமை ராத்திரி நானும் அம்மாவும் கொச்சிக்கு கெளம்புறோம், அக்கா வீட்ல நாலு நாள். தீபாவளி தையல் எல்லாம் குடுத்து முடிச்சு மிஷினுக்கு எண்ணெய் போட்டு மூடியும் வச்சாச்சு. எங்க தொழில்ல வருஷத்துல மூச்சு விட நேரம் கெடைக்கிறது தீபாவளிக்கு அடுத்த வாரம் தான், அதனால எங்க ஊர்ப்பயணம் எல்லாம் ஐப்பசி கடைசி, கார்த்திகை தொடக்கம்னு தான் அமையும். அந்த நேரத்துல மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை. காலைல பளீர்னு வெயிலடிக்கும், இன்னைக்கு எங்க மழை வரப்போகுதுன்னு நெனச்சு வெளிய கெளம்புவோம், ரெண்டு மணிக்கு மேல கெழக்க இருந்து கருத்துக்கிட்டு வந்து இடியும் மின்னலுமா ஒரு கொட்டு கொட்டும், சில நாள் ஒரு மணி நேரத்துல விட்டுரும், சில நாள் ராத்திரி வரைக்கும் விடாது.

நான் செங்கோட்டைல தையல் கடை வச்சிருக்கேன். எங்க ஊரு முதல்ல திருவிதாங்கூர்லயும், பொறவு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிலயும் இருந்துச்சு, அதனால எங்க ஆச்சி பேச்சுல இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாவர்ஷம்ங்கிற சொல்லெல்லாம் வைகாசி ஐப்பசி மாதிரியே சாதாரணமா வரும். மழைத்துணி காயப்போடுற பாடும் எங்களுக்கு புதுசில்ல. ஆனி ஆடில சாரல் அடிக்கும்போது வீட்டுக்குள்ள கொடி கட்டி, அடுப்படி பக்கம் ஒரு கொடி, பட்டாசால்ல (முன்கூடத்துல) ஒரு கொடின்னு வளர்ந்தவங்க தான் நாங்க. ஆனாலும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கொச்சிக்கு போகும்போது நான் பை கட்டுனது சரியில்ல, அதை நெனச்சா இன்னும் மனசுக்கு ஒரு மாதிரி தான் இருக்கு. அதனால தான் இத எழுதுறேன், யாருக்காவது உதவட்டும்.

அப்ப நான் என்ன செஞ்சேன்னா எல்லாரும் செய்யிறத தான் செஞ்சேன். நாலு நாளுக்கு நாலு செட்டுன்னு எண்ணி வச்சேன். ஒரு ஜீன்ஸ், லைனிங் குடுத்து நானே தச்ச காட்டன் சுடிதார் ரெண்டு, ஒரு ரேயான் குர்தி, குளிக்கிறதுக்கு மொத்தமான டர்க்கி டவல். ராத்திரி ரயில்ல குளிருமேன்னு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வேற. குளிருமா வெயிலடிக்குமான்னு மட்டும் தான் யோசிச்சேன், நனைஞ்சா இது காயுமாங்கிற கேள்வி மனசுலயே வரல.

முதல் நாள் ஒண்ணும் தெரியல. ரெண்டாவது நாள் ஹைகோர்ட் ஜெட்டில வாட்டர் மெட்ரோ ஏறி வைப்பின் போயி, அங்க இருந்து ஜங்கார்ல, அதான் வண்டியெல்லாம் ஏத்துற படகுல, ஃபோர்ட் கொச்சி. சீன வலை பாத்துட்டு கடற்கரையோரமா நடந்துட்டு இருக்கோம், மூணு மணி இருக்கும், ஒதுங்குறதுக்கு ஒரு கடைத்திண்ணை தேடுறதுக்குள்ள முழுசா நனைஞ்சாச்சு. ஜீன்ஸ் தண்ணி குடிச்சு கால்ல கல்லைக் கட்டுன மாதிரி கனக்குது. அந்த ஈரத்தோட வாட்டர் மெட்ரோவுக்குள்ள ஏறுனா ஏசி. வெளிய புழுக்கம், உள்ள போனா பல்லு கிட்டுது. அம்மா தன் முந்தானையை எம்மேல போத்தி விட்டா, அவ சேலையும் ஈரம் தான், ஆனா மெல்லிசு பாலியஸ்டர் சேலை, எங்க ஜெட்டி எறங்குறதுக்குள்ள பாதி காஞ்சிருச்சு. அதை நான் அப்பவே கவனிச்சேன்.

வீட்டுக்கு வந்து துவைச்சு ஃபேனுக்கு அடில போட்டோம். மறுநாளும் ஈரம், மூணாம் நாளும் இடுப்புப்பட்டை, பாக்கெட் எல்லாம் சில்லுன்னு இருக்கு. லைனிங் வச்ச சுடிதார் மேல காஞ்ச மாதிரி இருந்து உள்ள காயல. டவல்ல ஒரு வாடை வந்துருச்சு, ஊறப்போட்டு மறந்த துணி வாடை. அன்னைக்கு அக்காவோட ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு சேச்சி வீட்ல பாலுகாச்சு, புதுவீட்டுக்கு. எனக்கு உடுத்த ஒண்ணும் இல்ல. அக்கா சுடிதாரை போட்டுக்கிட்டு போனேன், தோள் எறங்கி, கை நீளமா. ஊர்ல எல்லாருக்கும் அளவெடுத்து தச்சுக் குடுக்குறவ, நாலு பேர் முன்னாடி அளவில்லாத துணில நின்னது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, அந்த சேச்சி ரொம்ப அன்பா தான் கூப்பிட்டு பாயசம் குடுத்தாங்க, ஆனா நான் மூலைல உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல.

பக்கத்து வீட்டுக்காரம்மா காலைல மொட்டைமாடில பாத்தா முதல்ல கேக்குறது "துணி உணங்கியோ?" தான், துணி காஞ்சிருச்சான்னு அர்த்தம். நம்ம ஆச்சிமாரு நெல்லு உணத்துறதுன்னு சொல்ற அதே சொல்லு. அந்த ஊர்ல மழைக்காலத்துல ஜனங்க மனசுல ஓடுற கேள்வி அது தான், நான் பை கட்டும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அது தான்.

கொச்சில வெப்பநிலையை பாத்து ஒண்ணும் புண்ணியமில்ல. ஐப்பசி கார்த்திகைல ராத்திரி 24 டிகிரி பக்கம், பகல்ல 31 டிகிரி பக்கம், பெருசா மாறாது. மாறுறது மழையும் ஈரக்காத்தும் தான். அதனால இப்ப நான் துணி எடுக்குறது துணியோட நூலை பாத்து.

காட்டன் உடம்புக்கு நல்லது, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கெடையாது. ஆனா காட்டன் சும்மா அலமாரில இருக்கும்போதே காத்துல இருந்து தன் எடைல 8 சதவீதம் போல ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூட இழுக்காது. அதனால தான் பாலியஸ்டர் சீக்கிரம் காயிது, வேர்வையும் உறிஞ்சாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது பாலி காட்டன், டெரிகாட்டன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அது தான் இந்த மாதிரி பயணத்துக்கு சரி. முழு காட்டன் தான் வேணும்னா மல்மல் மாதிரி மெல்லிசா, லைனிங் இல்லாம எடுங்க, உள்ள தனியா ஒரு ஷிம்மி போட்டுக்கலாம், ரெண்டையும் தனித்தனியா காயப்போட்டா ஒரு ராத்திரில காஞ்சிரும். லைனிங்கும் மேல்துணியும் சேத்து தச்சிருந்தா நடுவுல காத்து போகாது, அது தான் காயாம கெடக்குறதுக்கு காரணம். இதை தச்சு தச்சு கை மரத்தவ எனக்கே அன்னைக்கு தான் உறைச்சுது.

ரேயானை பத்தி கொஞ்சம் சொல்லணும், இப்ப கடைக்கு வர்ற குர்தில பாதி ரேயான். கைக்கு வழுவழுன்னு நல்லா இருக்கும், வெயிலுக்கும் சுகம். ஆனா அது காட்டனை விட அதிகமா தண்ணி குடிக்கும், நனைஞ்சா நூலோட பலம் பாதியா கொறைஞ்சிரும். மழைல நனைஞ்ச ரேயானை முறுக்கிப் பிழியாதீங்க, தையல் பக்கம் நூல் விலகி பிரிஞ்சு போகும், என்கிட்ட ரிப்பேருக்கு வர்றதுல நெறைய இப்படி வர்றது தான். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், எவ்வளவு ஆசையா இருந்தாலும். தரையைத் தொடுற பலாஸோவும் வேண்டாம், ரோட்டுத் தண்ணிய முட்டி வரைக்கும் இழுத்துட்டு வரும். கணுக்காலுக்கு மேல நிக்கிற பேண்ட், பாட்டம் அகலம் கொறைவா. கலர்ல அடர்த்தியா, பூப்போட்டது எடுங்க, சேறு தெறிச்சது கண்ணுக்கு தெரியாது.

எத்தன செட்டுங்கிறது போற மாசத்தை பொறுத்து மாறும். ஜூன் ஒண்ணாம் தேதியை ஒட்டி ஆரம்பிக்கிற இடவப்பாதில போனா சூரியனையே பாக்க முடியாம மூணு நாலு நாள் போகும், அப்ப துவைச்சு காயப்போடலாம்ங்கிற நம்பிக்கையே வேண்டாம், நாளுக்கு ஒண்ணு, மேல ஒண்ணுன்னு கொண்டு போயிருங்க. துலாவர்ஷத்துல அப்படி இல்ல, காலை வெயில் பெரும்பாலும் கெடைக்கும். ராத்திரி துவைச்சு வெள்ளனே ஆறு மணிக்கே மாடில போட்டுட்டு பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துட்டா மூணு செட்டுலயே நாலு நாள் ஓட்டிரலாம். வெளிய போறதுக்கு முன்னாடி எடுத்து உள்ள போடுங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்னு நெனச்சா போச்சு.

இந்த மூணு செட்டுல ஒண்ணை தொடவே கூடாது. அது தான் என்னோட இப்பத்த சட்டம். மேல்துணி, உள்ளாடை, துவர்த்து (துண்டு) எல்லாம் சேத்து ஜவுளிக்கடைல குடுக்கிற ஜிப் வச்ச சேலை கவர்ல போட்டு காத்தை அமுக்கி மூடி வச்சிருவேன். ஊருக்கு திரும்பி வந்து எறங்குற வரைக்கும் அது காஞ்ச துணியா இருக்கணும். மழைல மாட்டிக்கிட்டு வந்தாலும் வீட்ல ஒரு காஞ்ச செட்டு இருக்குங்கிற தைரியம் இருக்கே, அது இருந்தா மழையை பாத்து பயமே வராது, நல்லா நின்னு ரசிக்கலாம்.

துவர்த்துன்னு சொன்னேன்ல. டர்க்கி டவலை வீட்ல வச்சிட்டு மெல்லிசு ஈரிழைத் துவர்த்து ரெண்டு எடுங்க. துடைச்சு உதறி போட்டா சீக்கிரம் காஞ்சிரும். இன்னொரு உபயோகமும் இருக்கு, அம்மா சொல்லிக் குடுத்தது. ஈரத்துணிய பிழிஞ்சதுக்கு அப்புறம் காஞ்ச துவர்த்தை விரிச்சு அதுமேல பரப்பி பாய் மாதிரி சுருட்டி முட்டியால நல்லா அமுக்கணும், மிச்சத் தண்ணி துவர்த்துக்கு ஏறிரும், பொறவு ஃபேனுக்கு அடில போட்டா விடியறதுக்குள்ள காஞ்சிரும். ரேயானுக்கும் இது தான் நல்லது, முறுக்க வேண்டியதில்லயே. ஆம்பளையாளுகளுக்கு ஒரு சாரம் (கைலி) போதும், போத்திக்கவும் ஆகும் உடுத்திக்கவும் ஆகும்.

கம்பளி ஸ்வெட்டர் எடுக்கல. ஆனா மெல்லிசு சால்வை ஒண்ணு கட்டாயம், ஏன்னா பாலருவி எக்ஸ்பிரஸ்ல போகும்போது பகவதிபுரம் தாண்டி குகை வந்ததும் காட்டுக்காத்து ஜன்னல் வழியா உள்ள வரும், ஆரியங்காவு தென்மலை வரைக்கும் நல்ல குளிர். மீட்டர்கேஜை எடுக்கிறோம்னு 2010ல நிறுத்தி 2018ல தான் இந்த பாதை முழுசா திறந்தாங்க, அது வரைக்கும் கொல்லம் வரை பஸ்சுல போயி மாறுனது ஞாபகம் இருக்கு. காலைல எர்ணாகுளத்துல எறங்கும்போது வேர்த்து ஊத்தும். அதே சால்வை தான் மால்லயும் மெட்ரோலயும் ஏசிக்கு.

குடை மூணு மடிப்பு போதும், அஞ்சு மடிப்பு சின்னதா அழகா இருக்கும் ஆனா காத்துக்கு நிக்காது, கடலோரத்துல தலைகீழா மலந்துரும். நல்ல குடை வேணும்னா அங்க போயே வாங்கிக்கலாம், ஆலப்புழை குடைங்க பேர் போனது, பாப்பி, ஜான்ஸ் எல்லாம் அந்த ஊரு தான். செருப்பு பின்பட்டை வச்சதா எடுங்க. ஹவாய் செருப்பு போட்டு மழைல நடந்தா குதிகால் தட்டித் தட்டி சேறு முதுகு வரைக்கும் புள்ளி வைக்கும்.

நேத்துல இருந்து வானிலை எச்சரிக்கை பாத்துட்டு இருக்கேன். எர்ணாகுளம் மாவட்டத்துக்கு மஞ்சள் காட்டுது. மஞ்சள்னா 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டர்ல இருந்து 115.5 வரைக்கும், ஆரஞ்சுன்னா 204.4 வரைக்கும், அதுக்கும் மேல போனா சிவப்பு. மஞ்சளுக்கு பயணத்தை நிறுத்த மாட்டோம், மத்தியானத்துக்கு மேல வெளிய சுத்தாம இருந்துக்குவோம். ஆரஞ்சு வந்தா அன்னைக்கு அக்கா வீட்லயே இருப்போம். சிவப்புன்னா கெளம்பவே மாட்டேன், டிக்கெட் காசு போனா போகட்டும். இடி மின்னலுக்கு கேரளாவுல மத்தியானம் ரெண்டுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் கவனமா இருக்கச் சொல்லுவாங்க, அந்த நேரத்துல கொடில கெடக்குற துணிய எடுக்க மாடிக்கு ஓடாதீங்கன்னும் சொல்லுவாங்க. துணி நனைஞ்சா நனையட்டும்.

இப்ப பை முக்கால்வாசி கட்டியாச்சு. பைக்குள்ள முதல்ல பெரிய பாலித்தீன் ஒண்ணை விரிச்சு அதுக்குள்ள தான் எல்லாம், ஏன்னா தண்ணி மேல இருந்து வர்றதை விட ரயில்லயும் பஸ்லயும் ஈரத்தரைல பைய வைக்கும்போது அடில இருந்து தான் ஏறுது. இதை சொன்னதும் அம்மா தன் பட்டுச்சேலைய கொண்டு வந்து நீட்டுறா. இந்த தடவை அக்காவே புதுவீடு போறா, ஞாயித்துக்கிழமை பாலுகாச்சு, மகவீட்டு விசேஷத்துக்கு பட்டு இல்லாம எப்படி போறதுன்னு. "எம்மா, மழைல பட்டு வேண்டாம்"னேன். "ஏட்டி, நீ அடிலயா வைக்கப்போற, உச்சில வையி"ன்னா.

சரின்னு ரெண்டு சேலை கவர்ல மாத்தி மாத்தி மூடி உச்சில வச்சாச்சு. எனக்கும் ஒரு சுடிதார் நேத்து ராத்திரி உக்காந்து தச்சேன், பாலி காட்டன், அரக்குக் கலரு, லைனிங் இல்ல. அதை நான் தொடக்கூடாதுன்னு வச்சிருக்கிற கவர்ல தான் வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை காலைல தான் பிரிப்பேன்.