எந்தக் கடிகாரம் கூடவே போனது?

மலேசியாவின் சுங்கை சிப்பூட் மாதிரி தோட்டப்புறச் சிற்றூரில் இயற்பியல் டியூஷன் எடுத்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: காலநீட்சியில் (வேகமாகப் போகும் கடிகாரம் குறைந்த நேரம் காட்டும் என்ற சார்பியல் பாடம்) பிள்ளைகள் தடுமாறுவது சூத்திரத்தில் இல்லை. “ஓடும் கடிகாரம் மெதுவாக ஓடும்” என்ற வரியை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். வினையே அங்கேதான்.

சூத்திரம் ஐந்து நிமிட வேலை. வெள்ளைப் பலகையில் 40 செ.மீ. செங்குத்துக் கோடு: ரயிலுக்குள் இருப்பவர் பார்வையில், தரையிலிருந்து கூரைக் கண்ணாடிக்கு ஏறும் ஒளி. அந்நேரத்தில் ரயில் நகர்ந்த தூரம், கிடையாக 30 செ.மீ. சாய்கோட்டை அடிக்கோலால் பிள்ளைகளே அளக்கட்டும், 50 வரும். வெளியே நிற்பவருக்கு ஒளி போன பாதை அது. ஒளிவேகம் இருவருக்கும் ஒன்றே என்பதால், உள்ளே 40 பங்கு நேரம் என்றால் வெளியே 50 பங்கு. ரயிலின் வேகம் ஒளிவேகத்தில் 0.6 (30/50), நேரம் நீளும் மடங்கான காமா 1.25 (50/40).

சிக்கல் அடுத்தது: காமாவால் பெருக்குவதா, வகுப்பதா? இதற்குத் தாத்தா பாட்டி சொல்லும் பெரட்டு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது, கைகொடுக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் போகிறார், பிறகு பால் நிறுக்குமிடத்தில் வாளியை இறக்குகிறார். நிகழ்ச்சிகள் இரண்டு. இரண்டிலும் கூடவே இருந்தது அவர் கைக்கடிகாரம் மட்டும். தோட்டத்துக் கணக்குக்கோ இரண்டு இடத்தில் இரண்டு கடிகாரம் வேண்டும், முன்கூட்டியே ஒத்துவைக்கவும் வேண்டும். அவர் ஒரே சீராக நேர்க்கோட்டில் நடந்ததாக வைத்துக்கொண்டால், அவர் கடிகாரம் காட்டுவதுதான் உரிய நேரம், இருப்பதில் குறைந்தது. மற்றதெல்லாம் அதைக் காமாவால் பெருக்கியது. “எது கூடவே போனது?” என்று கேட்காமல் கணக்கில் கை வைக்கக் கூடாது.

மியூவான் என்பது வானிலிருந்து வந்து சீக்கிரமே அழியும் ஒரு நுண்துகள்; அதன் கணக்கில் இது பளிச்சென்று தெரியும். 2.2 மைக்ரோவினாடி என்பது மியூவானோடு கூடவே போகும் கடிகாரம் காட்டும் அதன் சராசரி ஆயுள். அதைக் காமாவால் வகுத்துவிட்டு, மியூவான் இன்னும் சீக்கிரம் அழிவதாக எழுதும் பிள்ளைகள் அதிகம். 1963-இல் இயற்பியலாளர்கள் ஃபிரிஷும் ஸ்மித்தும் வெளியிட்ட அளவீட்டை அப்போது காட்டுவது நல்லது. அமெரிக்காவின் வாஷிங்டன் மலையுச்சியில், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், மணிக்குச் சராசரி 563 மியூவான்கள். கடல்மட்டம் வர அவற்றுக்கு 6.4 மைக்ரோவினாடி ஆகும். காலநீட்சி இல்லையென்றால் கீழே மிஞ்ச வேண்டியது சுமார் 27, எண்ணியதோ 408. அவர்கள் கண்ட காலநீட்சி மடங்கு ஏறக்குறைய 8.8. ஒளிவேகத்தில் 0.995 என்ற மியூவான் வேகத்துக்குக் காமா 10 ஆயிற்றே என்று கேட்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்க வேண்டும். காற்றில் மியூவானின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது, அதனால்தான் அந்த வித்தியாசம்.

ஜிபிஎஸ் கணக்கில் ஆபத்து கால்குலேட்டரில். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் வினாடிக்கு 3.87 கிலோமீட்டர் வேகத்தைக் காமா சூத்திரத்தின் வர்க்கமூலத்தில், √(1 − v²/c²), போட்டால் பத்து இலக்கத் திரையில் 0.9999999999 தெரியும். அதைப் பார்த்து எழுதி 1-இலிருந்து கழித்தால், செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு நாளுக்கு 8.64 மைக்ரோவினாடி பின்தங்கும் என்று வரும். தவறு, திரைக்குள் அடங்காத இலக்கங்கள் போய்விட்டன. வேகம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது v²/2c² (v வேகம், c ஒளிவேகம்) போட்டு ஒரு நாளின் 86,400 வினாடியால் பெருக்க வேண்டும்: 7.2 மைக்ரோவினாடி. ஈர்ப்பு குறைவதால் அதே கடிகாரம் சுமார் 45 மைக்ரோவினாடி முந்துவது பொதுச் சார்பியல் கணக்கு, அதைத் தனித்தாளில் போடச் சொல்லவேண்டும்.