ஜன்னல் கம்பியில் ஒரு விரல்

மகளைக் கூட்டிவரப் போனேன். பள்ளி மணி இன்னும் அடிக்கவில்லை. அவள் வகுப்பு ஜன்னல் ஓரமாக நின்று, சும்மா கம்பியைப் பிடித்தேன்.

விரலில் மை மாதிரி கறுப்பு.

"காலையிலதான் சார் துடைச்சேன்" என்றார் ஆயா.

சாலை அங்கிருந்து பத்தடி. சிக்னலில் பஸ்ஸும் லாரியும் என்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. அந்த ஜன்னலோர பெஞ்சில்தான் என் மகள் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள்.

போன வருடம் வரை நடுவில் ஒரு புங்கமரம் இருந்தது. வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டிவிட்டார்கள்.

பார்சிலோனாவில் 36 தொடக்கப் பள்ளிகளில், 7 முதல் 10 வயது வரை 2,593 குழந்தைகளை ஆய்வாளர்கள் ஓராண்டு கவனித்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. பள்ளியில் பசுமை அதிகமிருந்த இடங்களில், கேட்டதை மனதில் நிறுத்திக்கொண்டே கணக்குப் போடும் அந்த நினைவுத்திறன் கூடுதலாக வளர்ந்திருந்தது. கவனச் சிதறலும் குறைவு. அங்கே காற்றில் கரித்துகள் குறைவாக இருந்தது இதில் கணிசமான பங்கை விளக்குகிறது என்கிறார்கள். வீட்டைச் சுற்றியுள்ள பசுமையில் இந்தத் தொடர்பு தெரியவில்லையாம். பள்ளியிலும் அதைச் சுற்றியும் இருக்கும் பசுமைதான்!

ஒரு மரத்தின் மேல் எல்லாவற்றையும் போட முடியாது, தெரியும்.

ஆனால் போன மாதம் டைரியில் "வகுப்பில் கவனம் போதாது" என்று எழுதி வந்தபோது, நான் அவளைத்தான் திட்டினேன். டிவியை நிறுத்தினேன். அவள் எந்தக் காற்றை மூச்சிழுக்கிறாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வரும் வழியில் நர்சரியில் இரண்டு புங்கங்கன்று வாங்கினோம். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கிறேன்.