சிறிய தனியார் நிறுவனத்துக்கு எந்தக் கணக்கியல் சட்டகம்?

நிதிநிலை அறிக்கைகளின் குறிப்புகளில், ஏறக்குறைய முதல் பத்தியிலேயே, ‘இந்த அறிக்கைகள் இன்ன தரநிலைகளின்படி தயாரிக்கப்பட்டுள்ளன’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். பெரும்பாலான சிறு நிறுவனங்களில் அந்த வாக்கியத்தை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. சென்ற ஆண்டுக் கோப்பிலிருந்து இந்த ஆண்டுக் கோப்புக்கு அது அப்படியே நகர்ந்து வந்திருக்கும். குத்தகை எங்கே பதிவாக வேண்டும், வாங்கிய தொழிலின் நற்பெயரை (அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை) ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலவாக எழுதித் தேய்க்கலாமா, கடன்-பங்கு விகிதம் எவ்வளவாகத் தெரியும் என்பனவற்றையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது அந்த ஒற்றை வாக்கியம்தான். அதை அலட்சியமாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவை ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அலட்சியத்தில் என் பங்கும் இருந்தது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பல நாடுகளில் தேர்வு என்று நாம் நினைப்பது தேர்வே அல்ல. சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் 2009 ஜூலையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று தனித் தரநிலை ஒன்றை வெளியிட்டது. தொழிலில் இருப்பவர்கள் அதைச் சுருக்கமாக எஸ்எம்இ தரநிலை என்பார்கள். பெயரைக் கேட்டு, விற்றுமுதலுக்கோ ஊழியர் எண்ணிக்கைக்கோ அதில் ஒரு வரம்பு இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி எந்த எண்ணும் அதில் இல்லை. பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இல்லாத நிறுவனம், வெளியாருக்காகப் பொதுநோக்க அறிக்கை வெளியிடும் நிறுவனம் என்ற இரண்டே அடையாளங்களைத்தான் அது கேட்கிறது. ஆகவே பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத பெரிய உற்பத்தி நிறுவனம் ஒன்று அதற்குள் வரலாம்; பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம், பத்துப் பேர் மட்டுமே வேலை செய்தாலும், வர முடியாது. உள்நாட்டுச் சட்டமே அனுமதித்தாலும்கூட, அத்தகைய நிறுவனம் தன் அறிக்கை எஸ்எம்இ தரநிலைக்கு இணங்கியது என்று எழுதிக்கொள்ளக் கூடாது என்று தரநிலையே சொல்கிறது.

நாட்டுக்கு நாடு கதவுகள் வேறுபடுகின்றன. பிரிட்டனில் எஃப்ஆர்எஸ் 102 என்ற பொதுத் தரநிலையும், மிகச் சிறு நிறுவனங்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட வரியோ மறுமதிப்பீடோ இல்லாத எஃப்ஆர்எஸ் 105 என்ற எளிய தரநிலையும் இருக்கின்றன. கனடா 2011 முதல் தனியார் நிறுவனங்களுக்கென்று தனித் தரநிலைகளை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் முழு உள்நாட்டுத் தரநிலை, 2012-இல் அமைக்கப்பட்ட தனியார் நிறுவனக் குழுவின் வழியாக அதில் கிடைத்த சலுகைகள், கணக்காளர் சங்கம் 2013-இல் கொண்டுவந்த தன்விருப்பச் சட்டகம், வரிக் கணக்கு அடிப்படை, ரொக்க அடிப்படை என்று வரிசை நீளம். இந்தியாவில் பழைய கணக்கியல் தரநிலைகளில் இருக்கும் நிறுவனம் விரும்பினால், சர்வதேசத் தரநிலைகளைத் தழுவி எழுதப்பட்ட இண்ட்-ஏஎஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் தானாக விரும்பி மாறிய பிறகு திரும்பி வர விதி இடம் தருவதில்லை. இந்தக் கடைசி விவரத்தை மாறிய பிறகுதான் பலர் படிக்கிறார்கள்.

சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட கதவுகளைத் திறந்து வைத்திருக்கும்போது, நிறுவனம் எவ்வளவு பெரியது என்று கேட்பதைவிட, இந்த அறிக்கையை யார் கையில் எடுத்துப் படிக்கப்போகிறார்கள், படித்துவிட்டு எதைத் தீர்மானிக்கப்போகிறார்கள் என்று கேட்பதே சரி என்பது என் கருத்து. தொழிலை நேரடியாக நடத்தும் உரிமையாளருக்கு அறிக்கை வருவதற்குள் லாபம் தெரிந்திருக்கும். கடன் கொடுத்தவருக்கோ இரண்டு மூன்று விகிதங்கள் போதும், ஆனால் அவை ஒப்பந்தத்தில் எழுதியபடியே இருக்க வேண்டும். நிர்வாகத்தில் இல்லாத சிறுபான்மைப் பங்குதாரருக்கு அறிக்கையைத் தவிர வேறு சாளரமே கிடையாது. இந்த மூவரில் யாருக்காக எழுதுகிறோம் என்று தீர்மானிக்காமல் தரநிலையைத் தேடுவது, யாருக்கு என்று தெரியாமல் சட்டைக்கு அளவெடுப்பது போன்றது.

நான் சொன்ன சம்பவத்துக்கு வருகிறேன். இரண்டு பேர் சேர்ந்து நடத்திய நிறுவனம்; கட்டடத்தையும் இயந்திரங்கள் சிலவற்றையும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள்; வெளியில் ஒரே ஒரு கடன் இருந்தது. என்றாவது ஒரு நாள் முதலீட்டாளர் வருவார், அப்போது கணக்கு உலகத்தரத்தில் இருக்கட்டும் என்று முழு ஐஎஃப்ஆர்எஸ்ஸுக்கு, அதாவது அதே சர்வதேச வாரியத்தின் சுருக்கப்படாத தரநிலைகளுக்கு, மாற விரும்பினார்கள். நானும் தலையாட்டினேன். ‘முழு’ என்ற சொல்லில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு.

எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். ஆண்டுக்கு 100 வீதம், ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் செலுத்த வேண்டிய ஐந்தாண்டுக் குத்தகை. வட்டி விகிதம் 10 சதவீதம். எஸ்எம்இ தரநிலையில் இதைச் சாதாரண வாடகைக் குத்தகையாகக் கருதினால், ஆண்டுதோறும் 100 செலவு எழுதினால் முடிந்தது. பொறுப்பு இருப்புநிலைக் குறிப்புக்குள் வராது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 16-இன்படியோ, வரப்போகும் ஐந்து தவணைகளின் இன்றைய மதிப்பான 379, ஒரு பக்கம் பயன்பாட்டு உரிமைச் சொத்தாகவும் மறுபக்கம் கடனாகவும் முதல் நாளே ஏறிவிடும். முதல் ஆண்டில் தேய்மானம் ஏறத்தாழ 76, வட்டி 38, ஆக மொத்தம் 114 செலவாகத் தெரியும்; கடைசி ஆண்டில் அதே கூட்டுத்தொகை 85-க்கு இறங்கிவிடும். கையை விட்டுப் போகும் பணம் எல்லா ஆண்டுகளிலும் அதே 100 தான். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 100 கூடிவிட்டதைக் கண்டு பங்குதாரர்களில் ஒருவர் மகிழ்ந்தது நினைவிருக்கிறது.

கடன் பக்கத்தை அவர் அப்போது பார்க்கவில்லை. நிறுவனத்தின் கடன் 400, உரிமையாளர் நிதி 500 என்று கொண்டால், விகிதம் 0.8. குத்தகைக் கடன் 379-ஐச் சேர்த்தால் 779-க்கு 500, அதாவது 1.56. கடன் ஒப்பந்தம் அனுமதித்த உச்சம் 1.5. புதிதாக ஒரு காசுகூடக் கடன் வாங்காமலேயே நிறுவனம் நிபந்தனையை மீறிவிட்டது. கடன் கொடுத்தவர் நியாயமானவர், நடந்ததைப் புரிந்துகொண்டு விலக்குக் கடிதம் கொடுத்தார். ஆனால் கடிதத்தின் தேதி நிதியாண்டு முடிந்த பிறகு வந்த தேதி. ஆண்டு முடியும் நாளில் நிபந்தனை மீறப்பட்டு, கடனை உடனே கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு வந்திருந்தால், பின்னால் வரும் விலக்கைப் பொருட்படுத்தாமல் அந்தக் கடன் முழுவதையும் நடப்புப் பொறுப்பாகவே காட்ட வேண்டும் என்பது விதி. நீண்டகாலக் கடனான 400 ஒரே நாளில் குறுகியகாலக் கடனாயிற்று, நடப்பு விகிதம் சரிந்தது, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்று தணிக்கையாளர் எழுத்தில் கேட்டார். எதிர்பார்த்த முதலீட்டாளர் வரவேயில்லை.

இத்தகைய இடங்களில் கைகொடுப்பது, விகிதங்கள் எல்லாம் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் இருந்த கணக்கியல் விதிகளின்படியே கணக்கிடப்படும் என்று கடன் ஒப்பந்தத்தின் வரையறைப் பகுதியில் எழுதப்படும் ஒரு வரி. அது இருந்தால் தரநிலை மாறினாலும் விகிதம் மாறாது. ஆனால் அதற்காக ஆண்டுதோறும் இரண்டு வகைக் கணக்கு போட வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குத்தகைக்கு அடுத்து அதிகம் வலிப்பது நற்பெயர். இன்னொரு தொழிலை விலைக்கு வாங்கும்போது சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை முழு ஐஎஃப்ஆர்எஸ் தேய்க்க விடுவதில்லை. ஆண்டுதோறும் அதன் மதிப்பு குறைந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறது. அதற்கு எதிர்காலப் பணவரவு மதிப்பீடும், அந்தப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி விகிதமும் வேண்டும். அடுத்த காலாண்டின் விற்பனையையே ஊகிக்க முடியாத நிறுவனத்தில், ஐந்தாண்டுப் பணவரவு என்று தாளில் எழுதப்படுவது என்னவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்எம்இ தரநிலையில் அதைப் பயன்காலத்துக்குள் தேய்க்கலாம், பயன்காலத்தை நம்பகமாகக் கணிக்க முடியாவிட்டால் பத்தாண்டுக்கு மிகாமல். 600 என்றால் ஆண்டுக்கு குறைந்தது 60. கோட்பாட்டளவில் இது கரடுமுரடானது என்று விமர்சிப்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கரடுமுரடு பிடிக்கும், யாரையும் ஏமாற்ற அதில் இடம் குறைவு. மேம்பாட்டுச் செலவும் சொத்து கட்டும்போது வரும் வட்டியும் எஸ்எம்இ தரநிலையில் நேரே செலவுக் கணக்குக்குப் போகின்றன. புதுப் பொருள் உருவாக்கத்தில் ஆண்டுக்கணக்கில் பணம் போடும் நிறுவனத்துக்கு மட்டும் இது பாதகம், ஏனெனில் அதன் உழைப்பின் பெரும்பகுதி இருப்புநிலைக் குறிப்பில் எங்கும் தெரியாது.

வரிக் கணக்கு அடிப்படையில் மட்டும் அறிக்கை தயாரிப்பதைப் பல ஆண்டுகள் நான் ஏளனமாகவே பார்த்தேன். இப்போது அப்படி இல்லை. உரிமையாளரும் நிர்வாகியும் ஒருவரே, கடனில்லை, வரித்துறையைத் தவிர வெளியார் யாரும் கணக்கைப் பார்ப்பதில்லை, சட்டமும் தடுக்கவில்லை என்றால், வரிக்கு ஒரு தேய்மானமும் அறிக்கைக்கு ஒரு தேய்மானமும் போட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கு ஒத்திவைக்கப்பட்ட வரி கணக்கிடுவதால் யாருக்கு என்ன லாபம்? எனினும் அது சிறப்புநோக்கச் சட்டகம், அதாவது குறிப்பிட்ட சிலரின் தேவைக்காக மட்டும் அமைந்தது, என்பதை மறக்கக் கூடாது. சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகளின்படி, அறிக்கை சிறப்புநோக்கத்துக்காகத் தயாரிக்கப்பட்டது, வேறு நோக்கத்துக்குப் பொருந்தாமல் போகலாம் என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் தனிப் பத்தி எழுதியாக வேண்டும். பின்னாளில் புதிதாகக் கடன் கொடுக்க வருபவரின் விரல் முதலில் நிற்பது அந்தப் பத்தியில்தான்.

முழு ஐஎஃப்ஆர்எஸ் எனக்குத் தயக்கமின்றிச் சரியென்று படும் இடம் ஒன்றுண்டு. தாய் நிறுவனம் அதில் கணக்கு வைத்திருந்து, ஒருங்கிணைந்த அறிக்கைக்காகத் துணை நிறுவனத்தின் எண்களை ஒவ்வோர் ஆண்டும் அந்த வடிவில் கேட்கிறதென்றால், இரண்டு தரநிலைகளில் ஏடு வைப்பது வீண் வேலை. 2024 மே மாதம் வந்த ஐஎஃப்ஆர்எஸ் 19, பொதுப் பொறுப்பில்லாத அத்தகைய துணை நிறுவனங்கள் அளவீட்டு விதிகளை அப்படியே பின்பற்றி, வெளிப்படுத்த வேண்டிய குறிப்புகளை மட்டும் குறைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது.

இப்போது தேர்வு செய்பவர்கள் தரநிலைகள் நகர்ந்துகொண்டிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எஸ்எம்இ தரநிலையின் மூன்றாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு அது நடைமுறைக்கு வருகிறது. வருவாயைப் பதிவு செய்யும் விதி ஐந்து படிநிலை முறைக்கு மாறியிருக்கிறது, குத்தகை விதி பழையபடியே விடப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் எஃப்ஆர்எஸ் 102 அதற்கு நேர்மாறாக, 2026 முதல் பெரும்பாலான குத்தகைகளையும் இருப்புநிலைக் குறிப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே நான் மேலே சொன்ன 1.56 கதை, தரநிலையை மாற்றவே மாற்றாத நிறுவனங்களுக்கும் நேரக்கூடியது.

மாறுவதென்று முடிவானால் தேதியைப் பின்னோக்கி எண்ண வேண்டும். 2027 டிசம்பரில் முடியும் ஆண்டுக்கு எஸ்எம்இ தரநிலையில் முதன்முறையாக அறிக்கை தர நினைக்கும் நிறுவனம், ஒப்பீட்டுக்காக 2026-ஆம் ஆண்டையும் அதே தரநிலையில் காட்ட வேண்டியிருப்பதால், அதன் மாற்ற நாள் 2026 ஜனவரி 1 ஆகிறது. அன்றைய தொடக்க இருப்புநிலைக் குறிப்பைப் புதிய விதிகளின்படி எழுத வேண்டும்: அன்று நடப்பில் இருந்த குத்தகை ஒப்பந்தங்கள், அன்றைய நிலுவைகளில் வராமல் போகக்கூடியவை, அன்று கிடங்கில் இருந்த சரக்கின் எண்ணிக்கை. முதலிரண்டையும் கோப்புகளிலிருந்து பின்னாளில் திரட்டிவிடலாம். சரக்கை அன்று யாரும் எண்ணியிருக்காவிட்டால், கொள்முதல் விற்பனைப் பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பின்னாளில் எண்ணிய இருப்பிலிருந்து நாள் நாளாகப் பின்னோக்கிக் கழித்தும் கூட்டியும்தான் அந்த எண்ணை மீட்க வேண்டியிருக்கும்.