கிரைண்டர் மூடிக்கு ஒரு கைப்பிடி

சென்ற ஆண்டு டேபிள் டாப் வெட் கிரைண்டர் ஒன்றின் மூடிக்குக் கைப்பிடி வடிவமைக்கும் வேலை வந்தது. நாள் குறைவாக இருந்ததால் தாளைத் தொடாமல் நேராகச் சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில் உட்கார்ந்தேன். அரை நாளில் வளைவுகள் வழவழவென்று அமைந்துவிட்டன. கீஷாட் மென்பொருளில் ரெண்டர் செய்து, நிஜப் பொருள்போலத் தெரியும் படமாக அனுப்பியதும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. 3டி பிரிண்ட் எடுத்து மூடியில் பொருத்திய பிறகுதான், விரல் நுழையும் இடைவெளி 18 மி.மீ. மட்டுமே என்பது உறைத்தது. மாவுக் கையோடு அதைத் தூக்கிப் பார்த்த என் அத்தைக்கு நடுவிரல் கணு மூடியில் இடித்தது. திரையில் எதையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம் என்பதால் 18 மி.மீ. கூடத் தாராளமாகத்தான் தெரியும். தாளில் வரைந்திருந்தால், பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே ஒரு கையையும் வரைந்திருப்பேன்.

மறுநாள் அத்தையின் கையை ஏ4 தாளில் பக்கவாட்டாக வைத்துச் சுற்றிக் கோடிழுத்து, அதற்கு ஏற்றபடி அசல் அளவிலேயே இருபது கைப்பிடிகளைப் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தேன். பென்சிலை நான் தவிர்த்துவிடுவேன்; அழிக்க முடியாத தப்புக் கோடு கண்ணெதிரே கிடந்தால்தான் அடுத்த கோடு சரியாக விழுகிறது. தேறிய ஒன்றை ஸ்கேன் செய்து, மென்பொருளில் பின்னணியாக வைத்து, அதன் மேல் ஸ்டைல் ஸ்ப்லைன் என்ற வளைகோட்டை ஓட்டினேன். (அந்த ஸ்ப்லைனுக்குள் இருப்பது, 1960களில் ரெனால்ட் நிறுவனப் பொறியாளர் பியர் பெஸியர் கார் உடல்களை வடிவமைக்கப் பயன்படுத்திய அதே வளைவுதான்.)

அடுத்த கட்டத்தில் கணினி இல்லாமல் எனக்குக் கை ஓடாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் 2.5 மி.மீ. தடிமனில் சுவர் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சிலிருந்து கைப்பிடி கழன்று வரப் பக்கங்களுக்கு 1 டிகிரியாவது சரிவு தர வேண்டும். உள்ளே வலுவுக்காகக் கொடுக்கும் ரிப்பின், அதாவது விலாப் பட்டையின், தடிமன் சுவரின் தடிமனில் 60 சதவீதத்தைத் தாண்டினால் வெளிப்பரப்பில் குழி விழக்கூடும். மென்பொருளில் இந்தச் சரிவைச் சோதிக்கும் டிராஃப்ட் அனாலிசிஸை ஓட்டினால் சரிவு போதாத பரப்புகள் வேறு நிறத்தில் தெரிந்துவிடும்.

இத்தனையும் முடித்து ஃபைலை அச்சு தயாராகும் டூல் ரூமுக்கு எடுத்துப் போனேன். அச்சு செய்கிறவர் மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த பில் ஒன்றின் பின்புறத்தில் கைப்பிடியின் குறுக்குவெட்டை நாலே கோட்டில் வரைந்தார். “பார்ட்டிங் லைன் இங்க வந்தா பிசிறு விரல்ல குத்தும் சார், கொஞ்சம் மேல ஏத்திக்கலாம்.” அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டைத்தான் சொன்னார். அந்த பில்லை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு வந்து, அன்று இரவே கோட்டை 4 மி.மீ. மேலே ஏற்றினேன்.