இரண்டாவது லாட்

சாயப்பட்டறையில் ஒரே தடவையில் சாயமேற்றி எடுக்கும் துணியை லாட் என்போம். அந்த இரண்டாவது லாட்டை நான்தான் பாஸ் செய்தேன். நிறத்துக்கு ஒப்புதல் தரும் ஷேடு அட்டையில் இருப்பது என் கையெழுத்து. சரக்கை வாங்கிய பையரிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. பணம் முழுதாக வந்து சேர்ந்தது. அந்த ஆர்டரின் கோப்பு எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. ஆனாலும் சாயமேற்றும் மாஸ்டர் அன்று கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

ஆஸ்திரேலியாவுக்குப் போகும் சரக்கு. விளையாட்டு ரசிகர்கள் அணியும் காலர் வைத்த பனியன், ஒரே நிறம். ஆர்டர் தாளில் 'குயின்ஸ்லாந்து மெரூன்' என்று போட்டிருந்தது. நிறத்தின் பெயரை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'ஒயின்', 'செர்ரி', 'பர்கண்டி' என்று ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். நாங்கள் பையர் தரும் மாதிரித் துணியான ஸ்வாட்சைத்தான் பார்ப்போம். சிறு துணியில் சாயமேற்றிப் பார்க்கும் லேப் டிப் மூன்றாவது முறையில் ஓகே ஆனது. முதல் லாட் அச்சு அசலாக வந்தது. இரண்டாவது லாட்டுக்கு, கலவையில் சேரும் நேவி என்ற கருநீலச் சாயம் தீர்ந்துபோய், வேறு கம்பெனியின் நேவியை வைத்து ரெசிபியை மாற்றியிருந்தார்கள்.

வெவ்வேறு விளக்கில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்ச விளக்கின் கீழே இரண்டு லாட்டும் ஒன்றாகவே தெரிந்தன. கடை விளக்கிலும் அப்படியே. நிறத்தை அளக்கும் மீட்டரில் வேறுபாடு 0.8 காட்டியது; பையர் அனுமதித்தது 1. மாஸ்டர் அதோடு விடவில்லை. மஞ்சள் விளக்கையும் போட்டார். இரண்டாவது லாட் லேசாகக் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்தது. சாயத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வேறு வேறு சாயங்களைக் கலந்து ஒரே நிறத்தைக் கொண்டுவந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். பையரின் தாளில் மஞ்சள் விளக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"இரண்டு நாள் கொடுங்கள் அம்மணி, சாயத்தை உரித்துவிட்டு மறுபடி சாயமேற்றித் தருகிறேன்" என்றார்.

"தூத்துக்குடியில் வெள்ளிக்கிழமை கப்பல், மாஸ்டர். மீட்டர் பாஸ் என்கிறதே."

"மீட்டர் சொல்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "வெறும் மெரூன்தானே மாஸ்டர், யாருக்குத் தெரியப் போகிறது?"

அவர் கோபப்படவில்லை. துணியை மடித்துக்கொண்டே கேட்டார்: "கரை வேட்டியில் கரையின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் நம் ஊரில் கட்சிக்காரர் வாங்கிக் கட்டுவாரா அம்மணி?" நான் பதில் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஆண்டு அதே பையர் வான்நீலத்தில் ஆர்டர் கொடுத்தார். தாளில் 'நியூ சவுத் வேல்ஸ்' என்று இருந்தது. ஏன் நிறத்தோடு ஊர்ப்பெயர் வருகிறது என்று அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். மெரூன், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் அதிகாரபூர்வ நிறம். 2003-இல் அந்த அரசே முறையாக அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர்களுடைய விளையாட்டு அணிகள் அதைத்தான் உடுத்தியிருக்கின்றன. 1980-இல் பிரிஸ்பேனில் தொடங்கிய இரு மாநில ரக்பி ஆட்டத்தில் ஒரு பக்கம் மெரூன், மறுபக்கம் வான்நீலம். அந்த வான்நீலம் நியூ சவுத் வேல்ஸின் நிறம். அங்கேயே உள்ள வடக்கு ஆட்புலத்துக்குக் கருப்பு, வெள்ளை, காவிமண் சிவப்பு. நாடு முழுமைக்கும் பச்சையும் பொன்னும். 1984 ஏப்ரல் 19 அன்று தலைமை ஆளுநர் பிரகடனம் செய்திருக்கிறார். பச்சைக்கு, நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் பட்டியலில் எண் 348, பொன்னுக்கு 116. நாங்கள் லேப் டிப்புக்கு எழுதும் அதே எண்களை ஓர் அரசாங்கம் எழுதி வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

செங்காந்தள், பனை, வரையாடு, மரகதப் புறா என்று நம் மாநிலத்தின் சின்னங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அந்தப் பட்டியலில் நிறம் இல்லை. ஆனால் நிறத்துக்கு மனிதர்கள் உரிமை கொண்டாடுவது நமக்குத் தெரியாததா? மாரியம்மனுக்கு நோன்பு இருக்கிறவர்கள் உடுத்தும் மஞ்சளுக்குப் பதிலாக ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று என் அம்மாவிடம் நான் சொல்ல முடியுமா? மாஸ்டருக்குக் குயின்ஸ்லாந்து எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு லாட்டை உரித்து மறுபடி சாயமேற்றுவது எத்தனை தண்ணீர், எத்தனை உப்பு! மெரூன் மாதிரி அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பாவது போகும். ஒட்டாத சிவப்பை அலசி எடுக்கவே பல தண்ணீர் மாற்ற வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று சுத்திகரிக்கிறோம். அப்படியும் கடைசியில் மிஞ்சும் உப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அம்மாவின் ஊர் ஒரத்துப்பாளையம் பக்கம். பாசனத்துக்காக 1992-இல் நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டி முடித்த அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப்போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடல் தாண்டி இருக்கிற ஒரு மாநிலத்தின் நிறம் மஞ்சள் விளக்கில் துளி பிசகியதற்காக இங்கே இன்னொரு முறை தண்ணீரைச் சிவப்பாக்குவது சரியா?

இந்தக் கேள்வியை நான் முழு மனதோடுதான் கேட்கிறேன். ஆனால் அன்று லைட் பாக்ஸ் முன்னால் நின்றபோது நொய்யல் என் நினைவில் இல்லை. கப்பல்தான் இருந்தது. தண்ணீரைப் பற்றிய நியாயம் பின்னால் வந்தது. பின்னால் வந்த நியாயம் பொய்யாகிவிடுமா? இதில் இன்னொன்றும் இடறுகிறது. 2011-இல் பட்டறை மூடியபோது மாதக்கணக்கில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர் மாஸ்டர். தண்ணீரின் விலை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் உரித்துப் போடுகிறேன் என்றார்.

இரண்டு லாட்டையும் கலந்து வெட்டக் கூடாது, தனித்தனிப் பெட்டியில் கட்ட வேண்டும் என்று கட்டிங்குக்கு எழுதிக் கொடுத்தேன். அதையும் சரியாகச் செய்தார்கள். பல நாள் இதை நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகு, பெட்டிகள்தானே தனித்தனி, ரசிகர்கள் பக்கத்தில் பக்கத்தில்தானே உட்கார்வார்கள் என்று தோன்றியது. அதுவும் அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில், விளக்கு வெளிச்சத்தில் நடக்கின்றன. அந்த விளக்குகளின் கீழே எங்கள் துணி எப்படித் தெரிந்திருக்கும் என்பதை எங்கள் லைட் பாக்ஸில் எந்தப் பொத்தானை அழுத்தியும் பார்க்க முடியாது.

மாஸ்டர் இப்போது வேலையை விட்டுவிட்டுச் சென்னிமலையில் மகனோடு இருக்கிறார். தீபாவளிக்குப் போனில் பேசினோம். முட்டிவலி, பேத்தியின் படிப்பு, மழை எல்லாம் பேசி முடித்த பிறகு, அந்த மெரூனைப் பற்றிப் படித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால், "அடுத்த லாட்டுக்கு மஞ்சள் விளக்கைப் போட்டுப் பார்த்தீர்களா அம்மணி?" என்று கேட்பார். சில லாட்டுக்குப் போட்டிருக்கிறேன். கப்பல் நெருங்கிய நாட்களில் போடவில்லை.