முழங்கை

"அங்கிள், மறுபடி முழங்கை ஆடுது."

தண்டையார்பேட்டையில் மொட்டைமாடி ஷெட்டில் ஒரே ஒரு டேபிள் டென்னிஸ் டேபிள். எதிரே ஏழாம் வகுப்புப் பையன். அவன்தான் என் குரு.

நான் கற்பது பேக்ஹேண்ட் டிரைவ்: புறங்கைப் பக்கத்தால் பந்தை முன்னே அடிப்பது. பார்க்க ஒன்றுமே இல்லை. மட்டை வயிற்றுக்கு நேரே, அதன் முகம் லேசாகக் கவிழ்ந்து. பந்து எழும்பி உச்சிக்கு வரும்போது முன்கை மட்டும் விரியணும். முழங்கை கதவுக் கீல் மாதிரி இருந்த இடத்திலேயே இருக்கணும்.

எனக்குத் தோளிலிருந்து மொத்தக் கையும் கிளம்புகிறது. தெரு கிரிக்கெட் பாவம், வேறென்ன! 2.7 கிராம் பந்துக்கு சிக்ஸர் வீச்சு. பந்து டேபிளைத் தாண்டி மாடிப்படியில் டக் டக்கென்று இறங்கிப் போகும். அப்புறம் நான் இறங்கணும்.

கடைசியில் கைக்குட்டையை மடித்து என் அக்குளில் செருகினான்.

"இது விழாம அடிங்க."

விழுந்தது. மறுபடி விழுந்தது.

எட்டாவது பந்தில் விழவில்லை. சத்தமே வேறு. பந்து வலைக்கு ஒரு விரற்கடை மேலே போய் மூலையில் இறங்கியது. பையன் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பந்தை எடுத்தான்.

நம் டேபிள் டென்னிஸ் வீரர்களில் ஊரே சரத் கமலின் ஃபோர்ஹேண்டைப் பேசினாலும் எனக்கு சத்தியனின் பேக்ஹேண்டுதான். ராத்திரி அவர் ஆட்டம் ஒன்றைப் போட்டு முழங்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கோர் என்னவென்று கேட்காதீர்கள்.